ஒரு கப்பலில் எத்தனை பேர்?

1788ஆம் ஆண்டு தேம்ஸ் ஆற்றில் ஒரு கப்பல் ஆப்பிரிக்கப் பயணத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. சர் வில்லியம் டால்பென் சில நண்பர்களோடு அதைப் பார்க்கப் போனார். அறுபதைத் தாண்டியவர், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சார்பில் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர். கப்பலில் அப்போது அடிமைகள் யாரும் இல்லை. அவர்களைக் கிடத்துவதற்கு அடிக்கப்பட்டிருந்த பலகைத் தட்டுகள் மட்டும் இருந்தன. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்ததே அவருக்குப் போதுமானதாக இருந்தது. கரைக்குத் திரும்பியதும் ஒரு மசோதா தயாரித்தார்.

டால்பென் புரட்சிக்காரர் அல்லர். அடிமை வணிகத்தை ஒழிக்க வேண்டும் என்று கிளம்பிய குழு முந்தைய ஆண்டுதான் லண்டனில் அமைந்திருந்தது. அவர்கள் வெல்லும்வரை கப்பலுக்குள் கிடப்பவர்கள் சாகக் கூடாதே என்பதுதான் அவர் கவலை. லிவர்பூல் வணிகர்கள் தொழில் நாசமாகும் என்று கத்தினார்கள். ஆனாலும் அந்தக் கோடைக்குள்ளேயே மசோதா சட்டமாகிவிட்டது. பிரிட்டிஷ் அடிமைக் கப்பல்களுக்கு அரசு போட்ட முதல் கடிவாளம் அது.

சட்டத்தின் உயிர் ஒரு கணக்கில் இருந்தது. கப்பலின் கொள்ளளவில் 201 டன் வரைக்கும் மூன்று டன்னுக்கு ஐந்து பேர் என்ற விகிதம். அதற்கு மேல் டன்னுக்கு ஒருவர். லிவர்பூல்காரர்களின் 'புரூக்ஸ்' என்ற கப்பலை 320 டன் என்று அளந்தார்கள். முதல் 201 டன்னுக்கு 335 பேர், மீதி 119 டன்னுக்கு 119 பேர், ஆக 454. அதே கப்பல் முன்னொரு பயணத்தில் 609 பேரை ஏற்றிச் சென்றதாகச் சொல்லப்பட்டது. பயணத்தில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் சாகாமல் கொண்டுபோய்ச் சேர்த்தால் கப்பல் தலைவருக்கு 100 பவுண்டு, மருத்துவருக்கு 50 பவுண்டு பரிசு என்றும் சட்டம் சொன்னது. நூற்றுக்கு மூன்று வரை என்றால் அதில் பாதி.

இந்த 454ஐத்தான் ஒழிப்புக் குழுவினர் படமாக வரைந்தார்கள். முதலில் பிளிமத் ஊர்க் குழு வெளியிட்டது. பிறகு லண்டன் குழு அதை விரித்து அச்சிட்டது. ஆணுக்கு ஆறடி நீளம், ஒரு அடி நான்கு அங்குல அகலம். சிறுமிக்கு நாலரை அடிக்கு ஒரு அடி. அந்தக் கணக்கில் கறுப்பு உருவங்களை வரிசை வரிசையாக அடுக்கினார்கள். பார்த்தவர்கள் அதிர்ந்தார்கள். பள்ளிப் பாடநூல்கள் இன்றும் அடிமை வணிகத்தின் கொடுமையைக் காட்ட அந்தப் படத்தைத்தான் போடுகின்றன. அதில் இருப்பது சட்டத்தை மீறிய கப்பல் அன்று; கருணையால் பிறந்த சட்டம் அனுமதித்த கப்பல்.

சட்டம் வீண் என்று சொல்லிவிடவும் முடியாது. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1781 இறுதியில், 'ஸோங்' என்ற கப்பலிலிருந்து 130க்கும் மேற்பட்டவர்களை உயிரோடு கடலில் எறிந்துவிட்டு, உரிமையாளர்கள் ஆளுக்கு 30 பவுண்டு காப்பீட்டுத் தொகை கேட்டு வழக்காடியிருந்தார்கள். அப்படியொரு தொழிலில் மருத்துவர் நாட்குறிப்பு எழுத வேண்டும், இறந்தவர் எண்ணிக்கையைக் காட்ட வேண்டும் என்று வந்ததே பெரிய செய்திதான். அடுத்த பத்தாண்டுகளில் பிரிட்டிஷ் கப்பல்களில் இறப்பு குறைந்தது. அதில் சட்டத்தின் பங்கு எவ்வளவு என்பதில் மட்டும்தான் வரலாற்றாசிரியர்களுக்குள் வழக்கு. பிழைத்தவர்களுக்கு டால்பென் நல்லவர்தான். ஆனால் அவர் சட்டம் இன்னொன்றையும் செய்துவிட்டது. 'இதைச் செய்யலாமா' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'எவ்வளவு செய்யலாம்' என்ற கேள்வியைக் கொண்டுவந்து உட்கார்த்திவிட்டது.

அளவு பற்றிய இந்தக் கேள்விக்கு ஒரு பழைய வாத்தியார் உண்டு. அரிஸ்டாட்டில் தம் 'நிக்கோமாக்கிய அறவியல்' நூலின் இரண்டாம் பகுதியில், நற்பண்பு என்பது மிகைக்கும் குறைக்கும் நடுவே நிற்பது என்று வகுத்தார். அஞ்சாதவன் எதிலும் பாய்வான், கோழை எதிலிருந்தும் ஓடுவான். வீரம் இரண்டுக்கும் இடையில். ஊதாரிக்கும் கஞ்சனுக்கும் இடையில் கொடையாளி. இது கூட்டி இரண்டால் வகுக்கும் வேலை இல்லை என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார். பத்து மினா உணவு அதிகம், இரண்டு மினா குறைவு என்பதற்காகப் பயிற்சியாளர் எல்லோருக்கும் ஆறு மினா கட்டளையிட மாட்டார். மல்லன் மிலோவுக்கு அது போதாது. புதிதாகப் பயிலத் தொடங்கியவனுக்கு அது மிஞ்சிவிடும். நடு என்பது ஆளையும் நேரத்தையும் காரணத்தையும் பொறுத்தது. அதைக் கண்டுபிடிக்க விவேகம் வேண்டும்.

அதோடு அவர் நிறுத்தியிருந்தால் பின்னால் வந்தவர்கள் பாடு சுலபமாக இருந்திருக்கும். நிறுத்தவில்லை. எல்லாச் செயலுக்கும் நடு உண்டு என்று எண்ணாதே என்று அடுத்த பத்தியிலேயே எச்சரிக்கிறார். பொறாமை, பிறன்மனை நாடல், களவு, கொலை ஆகியவை பெயரிலேயே கேட்டைச் சுமப்பவை. அவற்றில் தக்க ஆளோடு, தக்க நேரத்தில், தக்க முறையில் என்று ஒன்று கிடையாது. அவற்றில் நடு தேடுவது, மிகையில் ஒரு நடுவையும் குறையில் ஒரு நடுவையும் தேடுவது போன்ற அபத்தம் என்கிறார். நற்பண்பு தன் இயல்பில் ஒரு நடு. ஆனால் எது சிறந்தது என்று பார்த்தால் அது ஓர் உச்சம் என்பதும் அதே இடத்தில் வருகிறது. மிதத்தைப் போற்றுகிறவர்கள் அரிஸ்டாட்டிலைத் துணைக்கு அழைக்கும்போது இந்தப் பக்கத்தை ஏனோ புரட்டுவதில்லை.

அவரும் தம் பட்டியலை முடிக்கவில்லை என்பது வேறு கதை. களவும் கொலையும் இடம்பெற்ற அந்த வரிசையில் மனிதனை உடைமையாக்குவது இல்லை. 'அரசியல்' நூலின் முதல் பகுதியில் சிலர் இயற்கையாகவே அடிமைகள் என்று வாதிட்டவர் அவர்தான். அவருடைய உயில் டயோஜினஸ் லேர்ஷியஸ் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அதில் அடிமைகளுக்கான ஏற்பாடும் உண்டு. சிலருக்கு அவர் மகளின் திருமணத்தின்போது விடுதலை. தமக்குப் பணிவிடை செய்தவர்கள் யாரையும் விற்கக் கூடாது. உரிய வயது வந்ததும், தகுதி இருந்தால், விடுவிக்க வேண்டும். கருணையான உயில்தான். விடுதலைக்கு ஒரு காலக்கெடு, ஒரு தகுதித் தேர்வு, அந்தத் தேர்வை நடத்த ஓர் உரிமையாளர். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு போட்ட திட்டமும் ஏறக்குறைய இதுதான்.

1792 ஏப்ரல் 2ஆம் தேதி மாலை வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் அடிமை வணிகத்தை ஒழிக்கும் தீர்மானத்தை மக்களவையில் முன்வைத்தார். நாடு கொதித்துக்கொண்டிருந்த நேரம். 519 மனுக்கள் அவைக்கு வந்து குவிந்திருந்தன. மேற்கிந்தியச் சர்க்கரையைத் தொட மாட்டோம் என்று குடும்பங்கள் தேநீரைக் கசக்கக் குடித்துக்கொண்டிருந்தன. எதிர்த்தரப்பில் தோட்ட முதலாளிகளும் துறைமுக நகரங்களின் உறுப்பினர்களும். இரண்டு அணிக்கும் நடுவில் எழுந்தார் உள்துறை அமைச்சர் ஹென்றி டண்டாஸ். ஒழிக்கத்தான் வேண்டும், ஆனால் படிப்படியாக என்றார். தீர்மானத்தில் அந்த ஒரு சொல்லைச் சேர்க்கும் திருத்தம் 125க்கு எதிராக 193 வாக்குகளில் வென்றது. திருத்திய தீர்மானம் 85க்கு எதிராக 230 வாக்குகளில் நிறைவேறியது. பிரதமர் பிட் விடியும்வரை உட்கார்ந்து, உடனே ஒழிக்கக் கோரித் தம் வாழ்வின் மிகச் சிறந்த உரைகளில் ஒன்றை ஆற்றினார். எல்லோரும் பாராட்டினார்கள். வாக்கு மட்டும் நடுவழிக்குப் போனது.

டண்டாஸை வெறும் தந்திரக்காரர் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் 1778இல் ஜோசஃப் நைட் என்ற ஆப்பிரிக்கர் தம் எஜமானரை எதிர்த்து ஸ்காட்லாந்து நீதிமன்றத்தில் போராடியபோது, நைட்டின் பக்கம் நின்று வாதாடியவர்களில் அவரும் ஒருவர். ஸ்காட்லாந்து மண்ணில் அடிமை நிலைக்குச் சட்ட ஆதரவு இல்லை என்ற தீர்ப்பு அந்த வழக்கில்தான் வந்தது. அப்படிப்பட்டவர் பதினான்கு ஆண்டுகள் கழித்து ஏன் மிதம் பேசினார்? உடனடித் தடை மேலவையில் தேறாது, தோட்டக்காரர்கள் கள்ளக் கடத்தலுக்குப் போவார்கள், காலக்கெடு கொடுத்தால் எல்லோரும் இணங்குவார்கள் என்பது அவர் தரப்பு. இன்றும் அவருக்காக வாதாடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. எடின்பரோவில் நெடிய தூணின் உச்சியில் நிற்கும் அவர் சிலைக்குக் கீழே, அவர் உண்டாக்கிய தாமதத்தால் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் கடல் கடத்தப்பட்டார்கள் என்ற பொருளில் 2021இல் ஒரு பலகை வைத்தார்கள். அது சரியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. டொரன்டோ நகர மன்றம் 2023இல் தன் மையச் சதுக்கத்திலிருந்து அவர் பெயரை எடுத்துவிட முடிவு செய்தது.

பழி யாருக்கு எவ்வளவு என்ற தீர்ப்பை ஒதுக்கிவைத்து, நடந்ததைப் பார்க்கலாம். டண்டாஸ் கெடுவாக 1800ஐச் சொன்னார். பேரம் பேசி மக்களவை அதை 1796 ஜனவரி 1க்கு இழுத்தது. மேலவை நாங்களும் சாட்சிகளை விசாரிக்க வேண்டும் என்று ஆரம்பித்து, அப்படியே தூங்கப்போட்டது. 1793இல் பிரான்சோடு போர் மூண்டது. ஒழிப்பு பேசினாலே பிரெஞ்சுப் புரட்சியின் ஆள் என்று முத்திரை விழுந்தது. குறித்த கெடு 1796இல் வந்து போனது, ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஆண்டு மார்ச்சில் வில்பர்ஃபோர்ஸ் கொண்டுவந்த மசோதா 70க்கு 74 என்று தோற்றது. அவருக்கு வாக்களிக்க வேண்டிய சிலர் அன்றிரவு புதிய நகைச்சுவை ஓபரா பார்க்கப் போயிருந்தார்கள். ஒழிப்புச் சட்டம் 1807இல்தான் வந்தது, 16க்கு எதிராக 283 வாக்குகளில்.

மிதத்தின் முதல் சிக்கல் இங்கேதான் புலப்படுகிறது. நடுப்புள்ளி எங்கே விழும் என்பதை அதன் இரு முனைகளும்தான் தீர்மானிக்கின்றன. அந்த மன்றத்தில் ஒரு முனையில் வில்பர்ஃபோர்ஸ், மறுமுனையில் லிவர்பூல். ஆனால் வில்பர்ஃபோர்ஸே ஒரு சமரசம்தான். அவர் அப்போது கேட்டது வணிகத்துக்குத் தடையை மட்டுமே. தோட்டங்களில் ஏற்கெனவே இருந்த இலட்சக்கணக்கானவர்களின் விடுதலையை அவர் கேட்கவில்லை. அதைக் கேட்டவர் வேறொருவர். இன்றைய கானா நாட்டுக் கரையில் சிறுவனாகக் கடத்தப்பட்டு, கிரெனடாத் தோட்டத்தில் உழைத்து, லண்டனில் விடுதலை பெற்ற ஒட்டோபா கூகோவானோ, 1787லேயே அடிமை முறை முழுவதையும் உடனே ஒழிக்க வேண்டும் என்று நூல் எழுதி அச்சிட்டிருந்தார். அவரை ஒரு முனையாக வைத்து அளந்திருந்தால் நடு என்பது வில்பர்ஃபோர்ஸுக்குப் பக்கத்தில் விழுந்திருக்கும். கூகோவானோவுக்கு அந்த அவையில் இருக்கை இல்லை. அதனால் அளவுகோலிலும் இடமில்லை.

வணிகம் நின்ற பிறகும் அடிமைகள் அடிமைகளாகவே இருந்தார்கள். 1823 ஜனவரியில் லண்டனில் புதிய சங்கம் ஒன்று பிறந்தது. அதன் பெயரிலேயே தணிப்பதும் படிப்படியாக ஒழிப்பதும் என்று எழுதிக்கொண்டார்கள். மே மாதம் தாமஸ் பக்ஸ்டன் நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தபோது, வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் கேனிங் அதை வாங்கி இன்னும் மென்மையாக்கினார். பெண்களைச் சவுக்கால் அடிக்கக் கூடாது. வயலில் கங்காணிகள் சவுக்கோடு நிற்கக் கூடாது. மதக் கல்வி தர வேண்டும். எல்லாம் தோட்டக்காரர்களின் ஒத்துழைப்போடு, அவர்கள் சொத்துரிமைக்குப் பங்கம் வராமல். லிவர்பூலில் கேனிங்கின் தேர்தலுக்குத் தோள் கொடுத்தவர்களில் ஜான் கிளாட்ஸ்டன் முக்கியமானவர். அவருக்கு இன்றைய கயானாவில் உள்ள டெமராராவில் 'சக்ஸஸ்' என்ற கரும்புத் தோட்டம் சொந்தம்.

புதிய விதிகள் டெமராரா ஆளுநர் ஜான் மர்ரிக்கு வந்துசேர்ந்தன. அவரும் தோட்ட உரிமையாளர். உத்தரவை உடனே வெளியிடாமல் இழுத்தடித்தார். ஆனால் எஜமானர்கள் சாப்பாட்டு மேசையில் பேசியது வீட்டு வேலைக்காரர்கள் காதில் விழுந்தது. லண்டன் ஏதோ கொடுத்துவிட்டது, இங்கே மறைக்கிறார்கள் என்ற செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. 'சக்ஸஸ்' தோட்டத்திலேயே ஜாக் கிளாட்ஸ்டன் என்ற இளைஞன் ஆட்களைத் திரட்டினான். உரிமையாளரின் குடும்பப் பெயரையே சுமந்தவன். அவன் தந்தை குவாமினா தச்சர். ஜான் ஸ்மித் என்ற பாதிரியாரின் தேவாலயத்தில் மூத்த ஊழியர். பொறுங்கள், முதலில் கேட்டுப் பார்ப்போம் என்று அவர் தடுத்தார். அது எடுபடாதபோது வேலைநிறுத்தத்தோடு நிறுத்துங்கள், இரத்தம் சிந்தக் கூடாது என்றார்.

1823 ஆகஸ்ட் 18ஆம் தேதி பத்தாயிரம் பேர் அளவில் எழுந்தார்கள். அவர்கள் பெரும்பாலான இடங்களில் செய்தது என்ன? மேலாளர்களின் துப்பாக்கிகளைப் பறித்துக்கொண்டு, தங்களைப் பூட்டி வைத்த அதே தொழுமரத்தில் அவர்களைப் பூட்டிவைத்தார்கள். காலமெல்லாம் சவுக்கடி வாங்கியவர்கள் கையில் ஒரு பகுதி நாடே சிக்கியிருந்தது. கொல்லப்பட்ட வெள்ளையர் இரண்டு அல்லது மூன்று பேர். அரசுப் படை வந்து சுட்டதிலும் தூக்கிலிட்டதிலும் செத்த அடிமைகள் இருநூறுக்கும் மேல். குவாமினாவைத் தேடிப் பிடித்துச் சுட்டு, உடலை 'சக்ஸஸ்' தோட்டத்தின் முன்னால் சங்கிலியில் தொங்கவிட்டார்கள். ஸ்மித் பாதிரியாருக்கு மரண தண்டனை. மன்னரின் கருணை உத்தரவு கடலைத் தாண்டி வருவதற்குள் 1824 பிப்ரவரியில் சிறையிலேயே இறந்துபோனார். ஜாக்கை நாடு கடத்தினார்கள்.

அரிஸ்டாட்டில் சொன்ன நற்பண்பை இந்தக் கதையில் தேடுகிறவருக்கு அது குவாமினாவிடம் கிடைக்கும். சினம் கொள்ள எல்லாக் காரணமும் இருந்தும், தக்க ஆளிடம், தக்க அளவில், தக்க காரணத்துக்காக மட்டும் சினத்தைக் காட்டுவது. அவர் விவரிக்கும் மிதம் அதுதான். அது தன் ஆசையை, தன் கோபத்தை, தன் அச்சத்தைத் தானே பிடித்து நிறுத்துவது. கேனிங்கின் மிதம் வேறு வகை. அவர் கட்டுப்படுத்தியது தம்முடைய எதையும் அல்ல. நாலாயிரம் மைலுக்கு அப்பால் யாரோ வாங்கும் அடியின் எண்ணிக்கையை அவர் நிர்ணயித்தார். ஒருவன் தன் தட்டில் சோற்றைக் குறைத்துக்கொண்டால் மிதம் என்கிறோம்; அடுத்தவன் தட்டில் குறைப்பதற்கும் அதே பெயரைக் கொடுத்தால் கணக்கில் ஏதோ இடறுகிறது.

இந்த இடறலை முதலில் உரக்கச் சொன்னவர் லெஸ்டர் நகரத்து ஆசிரியை எலிசபெத் ஹெய்ரிக். குவேக்கர் மார்க்கத்தைத் தழுவிய விதவை. 1824இல் பெயர் போடாமல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். தலைப்பிலேயே அவர் நிலை தெரிந்தது: உடனடி ஒழிப்பு, படிப்படியான ஒழிப்பு அன்று. ஒழிப்புச் சங்கத்தின் பெரிய மனிதர்களையே அவர் குற்றக் கூண்டில் ஏற்றினார். படிப்படியாக என்ற பேச்சு தோட்டக்காரனுக்கு மூச்சு விட இடம் தருகிறது, பொதுமக்களின் சூட்டைத் தணித்து ஆற்றிவிடுகிறது, கடைசியில் எதுவும் நடப்பதில்லை என்பது அவர் வாதம். நாடாளுமன்றத்தை நம்பி உட்காராமல், சர்க்கரை வாங்குவதை நிறுத்துங்கள் என்றார். லெஸ்டரில் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். கடைக்காரர்களிடம் மேற்கிந்தியச் சர்க்கரையை விற்காதீர்கள் என்று கேட்டார்.

வில்பர்ஃபோர்ஸுக்குப் பெண்கள் இப்படி வீடு வீடாகப் போவதும் கூட்டம் போடுவதும் பிடிக்கவில்லை. பெண்மைக்கு ஒவ்வாது என்று கடிதமே எழுதினார். ஆனால் நாடெங்கும் பெண்கள் சங்கங்கள் முளைத்தன. தலைமைச் சங்கத்தின் பணப் பெட்டியில் கணிசமான பங்கு அவர்களிடமிருந்து வந்தது. 1830இல் பர்மிங்காம் பெண்கள் சங்கம், 'படிப்படியாக' என்ற சொல்லைப் பெயரிலிருந்து எடுக்காவிட்டால் ஆண்டு நன்கொடை 50 பவுண்டு வராது என்று அறிவித்துவிட்டது. அந்த ஆண்டே லண்டன் சங்கம் அச்சொல்லைக் கைவிட்டது. தத்துவ வாதத்தைவிட 50 பவுண்டு வேகமாக வேலை செய்திருக்கிறது. ஹெய்ரிக் 1831இல் இறந்தார்.

அவர் இறந்த ஆண்டுக் கடைசியில் ஜமைக்காவில் சாமுவேல் ஷார்ப் தலைமையில் பெருங்கிளர்ச்சி வெடித்தது. அதுவும் வேலைநிறுத்தமாகத் தொடங்கியதுதான். நூற்றுக்கணக்கானோர் தூக்கிலேறினார்கள். இனியும் இந்த முறையைக் காப்பாற்ற முடியாது என்பது லண்டனுக்கு உறைத்தது. 1833இல் விடுதலைச் சட்டம் வந்தது.

அது வந்த விதம் தனியே பார்க்க வேண்டியது. அரசு முதலில் சொன்னது, தோட்டக்காரர்களுக்கு 1.5 கோடி பவுண்டு கடன், அடிமைகளுக்குப் பன்னிரண்டு ஆண்டு 'அப்ரண்டிஸ்' என்ற பயிற்சிக் காலம். பேரத்துக்குப் பின் கடன் மானியமாக மாறி 2 கோடி பவுண்டு ஆனது. அரசின் ஓராண்டுச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம். அப்ரண்டிஸ் காலம் வயல் ஆட்களுக்கு ஆறு ஆண்டாகவும் மற்றவர்களுக்கு நான்கு ஆண்டாகவும் குறைந்தது. ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் சட்டப்படி அடிமைகள் அல்லர். ஆனால் வாரத்துக்கு 45 மணி நேரம் பழைய எஜமானருக்குக் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். நட்டஈடு எஜமானருக்கு. தலைமுறை தலைமுறையாக உழைத்தவருக்கு ஒரு பென்னி இல்லை. இரு தரப்புக்கும் பாதிப் பாதி என்று இதை அன்று நியாயப்படுத்தினார்கள். எந்த இரு தரப்பு என்று கேட்டால் தோட்டக்காரரும் வரி கட்டும் ஆங்கிலேயரும் என்றுதான் பதில் வரும்.

1834 ஆகஸ்ட் 1ஆம் தேதி சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, டிரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் அரசு மாளிகை முன்னால் கூடிய மக்களுக்கு ஆளுநர் புதிய ஏற்பாட்டை விளக்கினார். ஆறு ஆண்டு முடியாது என்று பிரெஞ்சு மொழியில் கூட்டம் அவர் பேச்சை மூழ்கடித்தது. ஜமைக்காவில் கதை இன்னும் மோசம். எஜமானர் நேரடியாக அடிக்கக் கூடாது என்று சட்டம் தடுத்துவிட்டது. அதனால் தண்டனைக்கு ஆட்களைச் சிறை மனைகளுக்கு அனுப்பினார்கள். அங்கே கால்களால் மிதித்துச் சுழற்றும் பெரிய மரச் சக்கரத்தில் மணிக்கட்டைக் கட்டித் தொங்கவிட்டு மிதிக்கவைத்தார்கள். பர்மிங்காம் தானிய வணிகர் ஜோசஃப் ஸ்டர்ஜ் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, ஜேம்ஸ் வில்லியம்ஸ் என்ற பதினெட்டு வயது அப்ரண்டிஸை லண்டனுக்கு அழைத்து வந்தார். அந்த இளைஞன் சொன்னது 1837இல் சிறு நூலாக வந்து நாட்டை உலுக்கியது. 1838 ஆகஸ்ட் 1இல், வயல் ஆட்களுக்குக் குறித்த கெடுவுக்கு இரண்டு ஆண்டு முன்பே, அப்ரண்டிஸ் முறை செத்தது.

ஆண்டிகுவா தீவு இந்தப் பயிற்சிக் காலமே வேண்டாம் என்று 1834லேயே முழு விடுதலை கொடுத்திருந்தது. அங்குள்ள தோட்டக்காரர்கள் திடீரென்று நல்லவர்களாகிவிடவில்லை. சிறிய தீவு, நிலமெல்லாம் தோட்டத்துக்குள், விடுதலையானவர்கள் வேறெங்கும் போக முடியாது, கூலி கொடுப்பதே மலிவு என்று கணக்குப் போட்டார்கள். மற்றவர்கள் பயமுறுத்திய கலவரம் எதுவும் அங்கே வரவில்லை. பக்குவம் வரும்வரை பொறுக்க வேண்டும் என்ற வாதத்துக்குப் பக்கத்துத் தீவே மறுப்பாக நின்றது.

இப்படிச் சொல்வதால் சிறு அடிகள் எல்லாம் வஞ்சகம் என்று ஆகிவிடாது. 1806இல் ஜேம்ஸ் ஸ்டீபன் என்ற வழக்கறிஞர், பிறநாட்டுக் குடியேற்றங்களுக்கு பிரிட்டிஷ் கப்பல்கள் அடிமைகளைக் கொண்டுபோகத் தடை விதிக்கும் மசோதாவை வடிவமைத்தார். வெறும் போர்க்கால ஏற்பாடு போல அது அவைக்குள் நுழைந்தது. எதிரிகள் விழித்துக்கொள்வதற்குள் வணிகத்தின் பெரும்பகுதியை அறுத்துவிட்டது. அடுத்த ஆண்டு முழுத் தடை சுலபமாக வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஸ்டீபனும் டண்டாஸும் பாதி வேலைதான் செய்தார்கள். ஆனால் ஸ்டீபனின் பாதி அடுத்த பாதியை நோக்கி நடந்தது. டண்டாஸின் பாதி, மீதியைக் கேட்கிறவர்களின் வாயை நான்கு ஆண்டுக்கு அடைக்க உதவியது. ஒன்று வழி, மற்றது தங்குமிடம். இரண்டையும் மிதவாதம் என்று ஒரே அலமாரியில் வைப்பதால்தான் குழப்பம் வருகிறது.

1833 ஜூனில் மக்களவையில் ஓர் இளைஞர் எழுந்து, தம் தந்தையின் டெமராராத் தோட்ட மேலாளர் மீது வந்த குற்றச்சாட்டை மறுத்துப் பேசினார். ஆக்ஸ்ஃபோர்டில் இரட்டை முதல் வகுப்பு வாங்கியவர். தம்மை உருவாக்கிய நால்வரில் அரிஸ்டாட்டிலையும் ஒருவராகப் பின்னாளில் எண்ணிக்கொண்டவர். பெயர் வில்லியம் கிளாட்ஸ்டன். பிறகு நான்கு முறை பிரதமர். டால்பென், கேனிங், கிளாட்ஸ்டன் மூவரும் ஒரே கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் மாணவர்கள் என்பது தற்செயலாக இருக்கலாம். அந்நாளில் அங்கே அரிஸ்டாட்டில் படிக்காமல் வெளியே வருவது அரிது என்பது தற்செயல் இல்லை. விடுதலை வேண்டும், ஆனால் அடிமைகள் முதலில் ஒழுக்கத்தில் பக்குவப்பட வேண்டும் என்பது இளம் கிளாட்ஸ்டனின் நிலைப்பாடு. அப்ரண்டிஸ் முறையைக் காப்பாற்ற 1838 மார்ச்சிலும் அவர் நெடிய உரை ஆற்றினார். தந்தை ஜானுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட அடிமைகளுக்காக 1 இலட்சத்து 6 ஆயிரம் பவுண்டுக்கு மேல் நட்டஈடு கிடைத்தது.

அந்த ஜான் கிளாட்ஸ்டன்தான் அடிமைகளுக்கு மாற்றாக ஆட்கள் கேட்டு கல்கத்தா நிறுவனம் ஒன்றுக்குக் கடிதம் எழுதியவர். 'விட்பி', 'ஹெஸ்பரஸ்' என்ற இரண்டு கப்பல்கள் சுமார் நானூறு இந்தியர்களை ஏற்றிக்கொண்டு 1838 மே மாதம் டெமராரா போய்ச் சேர்ந்தன. ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகள். மொரீஷியஸுக்கு அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1834இல், இந்தக் கப்பல் போக்குவரத்து தொடங்கியிருந்தது. கூலிகள் அடி வாங்குவதும் சாவதும் அம்பலமானதால் 1839இல் இந்திய அரசு ஏற்றுமதியை நிறுத்தியது. நிறுத்தி, விதிமுறைகள் வகுத்து, பாதுகாப்பு அதிகாரிகளை நியமித்து, சில ஆண்டுகளிலேயே மொரீஷியஸுக்குத் திறந்துவிட்டது. திறந்த துறைமுகங்களில் சென்னையும் ஒன்று. தமிழர்கள் கடல் தாண்டிய கதையின் ஒரு கிளை இந்தச் சீர்திருத்தத்திலிருந்து புறப்படுகிறது.

போகாமல் இங்கேயே இருந்தவர்களின் கதை இன்னொன்று. 1833ஆம் ஆண்டு விடுதலைச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் பொருந்தாது என்று அதிலேயே ஒரு பிரிவு சொன்னது. காவிரிப் படுகையில் ஆளோலை எழுதி மனிதர்களை விற்றதும் ஒற்றி வைத்ததும் அரசுக்குத் தெரியாத விஷயம் அல்ல. ஊர் வழக்கத்தில் சட்டென்று கை வைக்கக் கூடாது, நில வரி குலையும் என்று கம்பெனி அதிகாரிகள் நிதானம் காத்தார்கள். கடைசியில் 1843இல் ஐந்தாம் சட்டம் வந்தது. நான்கே சிறு பிரிவுகள். கடனுக்கோ வரி பாக்கிக்கோ அரசு அதிகாரி ஆளை விற்கக் கூடாது. ஒருவர் என் உடைமை என்ற உரிமையை நீதிமன்றம் ஏற்காது. அடிமை என்று சொல்லி ஒருவரின் சம்பாத்தியத்தைப் பறிக்க முடியாது. சுதந்திர மனிதனுக்குச் செய்தால் குற்றமாவது இவர்களுக்குச் செய்தாலும் குற்றம். யாரையும் அது விடுவிக்கவில்லை. அடிமை வைத்திருப்பவனுக்குத் தண்டனை சொல்லவில்லை. வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டம் 1862இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் ஆளோலையின் இடத்தில் கடன் பத்திரம் வந்திருந்தது. பண்ணையில் அதே குடும்பங்கள், அதே களம். தஞ்சாவூர் மாவட்டத்துப் பண்ணையாட்களின் கூலியையும் வேலைநீக்கத்தையும் ஒழுங்குபடுத்தச் சென்னை அரசு தனிச் சட்டம் போட்டது 1952இல்.